கஞ்சாக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பார்க் கடை

1

பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வந்து இறங்குகிறவர்களைச் சுங்கத்துறையில் தனியாகக் கவனிக்கிறார்கள். மற்ற ஊர்களிலிருந்து வருகிறவர்களைக் கண்ணால் பார்ப்பார்கள். எங்களை நாயை வைத்துப் பார்ப்பார்கள்.

இந்த ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்தபோது என் பெட்டியைத் திறக்கச் சொன்னார் ஒரு அதிகாரி. உள்ளே அக்காவுக்கு வாங்கிய தைலப் புட்டிகள், மாம்பழ வற்றல், என் மனைவி கட்டிக்கொடுத்த பொடி வகைகள். நாய் பொடியை முகர்ந்து தும்மியது. அதிகாரி என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"அங்கே என்ன வேலை?"

"ஓட்டல் வச்சிருக்கேங்க. சாப்பாடு, டிபன்."

"எந்த இடம்?"

'கஞ்சாக் கடைக்குப் பக்கத்துல' என்று வாய்வரை வந்துவிட்டது. மூன்று வருடங்களாக எல்லோருக்கும் அப்படித்தான் வழி சொல்லிப் பழக்கம். கறிவேப்பிலை கொண்டு வருகிறவர், மின்சாரக் கணக்கெடுக்கிறவர், என் மகள் கவ்யாவின் பள்ளி வேன் ஓட்டுநர் எல்லோருக்கும் அதுதான் அடையாளம். நல்லவேளையாக நாக்கை இழுத்துக்கொண்டு தெருப் பெயரைச் சொன்னேன். பெட்டியை மூடிக்கொள்ளச் சொன்னார்.

அந்தக் கடை இப்போது இல்லை. அதைப் பற்றி ஊரில் இருக்கிறவர்களுக்கு எழுதவேண்டும் என்று அந்த வரிசையில் நின்றபோதுதான் தோன்றியது. இதுவரை வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் பக்கத்தில் மூலிகைக் கடை என்றே சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்யும் இல்லை. அந்த நாட்டுச் சட்டத்திலேயே அதற்கு அப்படித்தான் பெயர்.

2

எங்களுக்குத் திருத்தணிப் பக்கம் கே.ஜி.கண்டிகை. நைனா கரும்பு போட்டவர். நான் கேட்டரிங் படித்துவிட்டு ஒரு இந்திய ஓட்டலில் தோசை மாஸ்டராகப் பாங்காக் வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ரேவதியும் நானுமாகச் சின்னதாக ஒரு மெஸ் தொடங்கினோம்.

தாய்லாந்து மொழி எனக்கு இன்னும் சரியாக வராது. 'மா' என்றால் வா என்று அர்த்தம். அதையே குரலைக் கொஞ்சம் ஏற்றினால் குதிரை, இன்னொரு மாதிரி இழுத்தால் நாய். ஊர்ப் பழக்கத்தில் வாசலில் நின்று "வாம்மா, உக்காரும்மா" என்கிற தோரணையில் நான் பல மாதங்கள் வாடிக்கையாளர்களை நாய் என்று அழைத்து உட்கார வைத்திருக்கிறேன். அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். நல்ல ஜனங்கள்.

கவ்யா அங்கேயே பிறந்தவள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மரியாதைக்கு 'கா' சேர்த்துப் பேசுவாள். அது அங்கே பெண்கள் பேசும் முறை. தமிழ் பேசும்போதும் அது ஒட்டிக்கொண்டு வரும். "சாப்டேன் கா" என்று அவள் சொன்னபோது என் அக்கா கலா போனில் கேட்டாள்: "இன்னாடா உன் பொண்ணு, அத்தையப் போயி அக்கான்றா?"

3

எங்கள் கட்டடத்துக்குச் சொந்தக்காரி ஒரு அம்மாள். அவருடைய மகள் நொக். சட்டம் மாறிய வருடம் நொக் எங்கள் சுவரை ஒட்டிய அறையில் கடை திறந்தாள். பச்சை விளக்கில் ஏழு விரல் இலை. கண்ணாடிச் சாடிகளில் கஞ்சா மொட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எங்கள் தெருவில் மட்டும் அதுபோல இன்னும் பல கடைகள் முளைத்தன. சலூனில் விற்றார்கள். பழச்சாறு வண்டியில் விற்றார்கள். ஒருநாள் வரை குற்றமாக இருந்தது, மறுநாள் குற்றமில்லை என்றானது. நடுவில் இருந்திருக்க வேண்டிய விதிகளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இருபது வயதுக்குக் கீழே விற்கக்கூடாது, கர்ப்பிணிகளுக்கு விற்கக்கூடாது என்பதுபோல ஒன்றிரண்டு வந்தன. அவற்றைப் பின்பற்றுகிற கடையும் இருந்தது, பின்பற்றாத கடையும் இருந்தது.

எனக்கு வியாபாரம் கூடியது. மூன்று மணிக்குக் கூட்டம் வந்தது. வெள்ளைக்காரர்கள் சாம்பாரைக் கண்மூடிச் சுவைத்து, இப்படி ஒன்றை வாழ்க்கையில் சாப்பிட்டதே இல்லை என்றார்கள். சில மாதங்கள் அதை என் கைப்பக்குவம் என்றே நம்பினேன். ரேவதிதான் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

நொக்கின் கடை வாசலில் அவளுடைய தாய்மாமன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பெயர் சம். எல்லோரும் லுங் சம் என்பார்கள். லுங் என்றால் பெரியப்பா, பெரிய மாமா மாதிரி. கஞ்சா விற்றதற்காகப் பல வருடம் சிறையில் இருந்தவர். சட்டம் மாறியபோது அந்த வழக்குகளில் உள்ளே இருந்தவர்களை வெளியே விட்டார்கள். அவர்களில் இவரும் ஒருவர். நொக் அவருக்குக் கொடுத்த வேலை, வருகிறவர்களின் வயதுச் சான்றைப் பார்ப்பது. சந்தேகம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். கெஞ்சினாலும் மாட்டார்.

"விற்றதற்கு உள்ளே போனேன்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "இப்போது விற்காமல் இருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்." சிரிக்காமல் சொன்னார்.

4

பொங்கல் கழிந்து அக்காவும் பாவாவும் எங்களைப் பார்க்க வந்தார்கள். அக்கா புருஷன் தயாளனை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவர் போலீஸில் ஏட்டு. பல வருடமாக அவருக்கு ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடியில் வேலை. திருப்பதிப் பக்கமிருந்து வருகிற பேருந்து, லாரி, கார் எல்லாவற்றிலும் ஏறி இறங்கிக் கஞ்சா தேடுகிற வேலை. பலாப்பழத்துக்குள் பிடித்திருக்கிறார். ஸ்டெப்னி டயருக்குள் பிடித்திருக்கிறார். காவடி தூக்கி வருகிறவர்களின் பைகளைத் தடவிப் பார்த்துத் திட்டும் வாங்கியிருக்கிறார்.

வெளிநாடு போக அவர் துறையில் அனுமதி கேட்டபோது, ஏன் பாங்காக் என்று எழுத்தில் விளக்கச் சொன்னார்கள். மச்சான் வீடு என்று எழுதினார். மச்சான் என்ன செய்கிறார் என்றார்கள். சாம்பார் என்று எழுதினார். அனுமதி வந்தது.

டாக்சியை விட்டு இறங்கிய பாவா பெட்டியைக் கீழே வைக்கவில்லை. மூக்கைத் தூக்கினார். பிறகு மெதுவாகத் திரும்பிச் சாடிகளைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"மூலிகைக் கடைன்ன?"

"ஆங், பாவா. அதான் இது."

"இத்த நான் கிலோக் கணக்குல எரிச்சிகினு கீறேன்டா," என்றார் தாழ்ந்த குரலில்.

அன்று மாலையே இன்னொரு குழப்பம். பாவா எங்களுக்காகப் பொதட்டூர்பேட்டை லுங்கிகள் கொண்டுவந்திருந்தார். அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் கவ்யா வாசலைப் பார்த்து "லுங்! லுங்!" என்று கத்தினாள். குழந்தை ஆசையாகக் கேட்கிறது என்று பாவா ஒன்றை எடுத்து நீட்டினார். அதற்குள் லுங் சம் உள்ளே வந்துவிட்டார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்ததால் அவர் குனிந்து கும்பிட்டு லுங்கியை வாங்கிக்கொண்டார். மறுநாள் அதைக் கட்டிக்கொண்டுதான் வயதுச் சான்று பார்த்தார். பொதட்டூர்பேட்டைக் கட்டம் அவருக்கு நன்றாக இருந்தது.

பாவா மூன்று நாள் வாசல் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். அரண்மனை பார்க்கக் கூப்பிட்டேன், வரவில்லை. அக்காவும் ரேவதியும் போய்வந்தார்கள். யார் உள்ளே போகிறார்கள், எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கை அவ்வப்போது விசிலைத் தேடிச் சட்டைப் பைக்குப் போகும்.

"பயந்துகினே வாங்குறவன் ஒருத்தனும் இல்லியே மச்சான்," என்றார் மூன்றாம் நாள். "நான் எவனப் புடிக்கறது?"

5

நான்காம் நாள் மதியம் கூட்டம் அதிகம். ஒரு சுற்றுலாக் குழு சாப்பிட்டுவிட்டுப் போன மேசையில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. உள்ளே கரடிக்குட்டி வடிவத்தில் சிவப்பு, மஞ்சள் மிட்டாய்கள். பள்ளியிலிருந்து வந்த கவ்யா அதை எடுத்துத் தின்றிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவள் காரணமில்லாமல் சிரித்தாள். பிறகு அழுதாள். வாந்தி எடுத்தாள். நிற்கச் சொன்னால் கால் மடங்கியது. ரேவதி மடியில் போட்டுக் கன்னத்தைத் தட்டினால், கண்ணைத் திறந்து எங்கேயோ பார்த்தாள். கண் சிவந்திருந்தது. நெஞ்சில் கை வைத்தேன். குருவியின் நெஞ்சு அடிக்கிற மாதிரி அடித்தது.

அக்காவின் கூச்சலைக் கேட்டு லுங் சம் ஓடிவந்தார். குழந்தையைப் பார்த்தார், மேசைக்கு அடியில் கிடந்த பையைப் பார்த்தார். எடுத்து முகர்ந்தார். பிறகு பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு டாக்சியை நிறுத்தினார்.

டாக்சியில் முன்னால் லுங் சம். பின்னால் ரேவதியும் குழந்தையும் நானும் பாவாவும். பாவா என் காதருகே குனிந்தார்.

"மச்சான், சொல்றத கேளு. டாக்டராண்ட மிட்டாய் பேச்சே எடுக்காத. வெளியில தின்னது ஒத்துக்கலன்னு சொல்லு."

"என்ன பாவா சொல்றீங்க?"

"ஓட்டல் உன் பேர்ல கீது. பொண்ணுக்கு நீதான் குடுத்தன்னு எழுதிப்புடுவானுங்க. விசா போவும், குழந்தைய புடுங்கி எங்கயோ வச்சிடுவானுங்க. எத்தினி கேஸு பார்த்துகினு கீறேன் நானு."

அவர் கெட்டவர் இல்லை. கவ்யாவின் பாதங்களைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கும் அதே பயம் இருந்தது. வருடா வருடம் விசா நீட்டிக்கக் குடிநுழைவு அலுவலகத்தில் டோக்கனோடு உட்காருகிறவனுக்கு அந்தப் பயம் வயிற்றிலேயே குடியிருக்கும். வெளியில் தின்றது என்று சொல்வதற்கான தாய்லாந்துச் சொற்களை மனதுக்குள் கோக்கத் தொடங்கினேன். குழந்தையின் தலை துவண்டு என் தோளில் விழுந்தது. கோத்தது அறுந்துபோயிற்று.

மருத்துவமனை மேசையில் இருந்த பெண் நிமிர்வதற்குள் லுங் சம் இடுப்பிலிருந்த பையை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டார்.

"கஞ்சா," என்றார்.

தாய்லாந்து மொழியிலும் கஞ்சாவுக்குக் கஞ்சா என்றுதான் பெயர். பாவாவுக்கு அந்த நாட்டில் புரிந்த முதல் சொல் அது. கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு பெண் மருத்துவர் வந்தார். எத்தனை மிட்டாய், எப்போது, குழந்தையின் எடை என்ன, வேறு ஏதாவது சேர்த்துச் சாப்பிட்டாளா. இவ்வளவுதான் கேட்டார். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு எழுத்துகூட இல்லை. யார் செய்தது, எவ்வளவு கலந்தது, எதுவும் இல்லை. அப்போதுதான் அவர் முகம் மாறியது. "இதில் எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம்," என்றார். இப்படி வருகிற குழந்தைகள் இப்போது அதிகம் என்றும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றும் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றி, விரலில் கருவி மாட்டிப் படுக்க வைத்தார்கள்.

பாவா கதவருகே விறைப்பாக நின்றிருந்தார். போலீஸை எதிர்பார்த்து நின்றார். ஒரு நர்ஸ் அட்டையோடு வந்தபோது, "வந்துட்டாங்க" என்று எனக்குச் சைகை காட்டி முன்னால் போனார். சாப்பாடு வேண்டுமா, கஞ்சியா சூப்பா என்று கேட்கத்தான் அந்த நர்ஸ் வந்திருந்தாள்.

6

கருவியில் எண்கள் நிதானத்துக்கு வந்த பிறகு ரேவதி என்னையும் பாவாவையும் வெளியே அனுப்பிவிட்டாள். நடைக்கூடத்தில் லுங் சம் உட்கார்ந்திருந்தார்.

"உன் அக்கா கணவர் போலீஸா?" என்று என்னிடம் கேட்டார்.

"எப்படித் தெரியும்?"

"சிறையில் இப்படி நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்."

அதைப் பாவாவிடம் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். இவரிடம் எவ்வளவு சரக்கு பிடித்தார்கள் என்று கேட்கச் சொன்னார். லுங் சம் இவ்வளவு என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"நம்ம ஊரா இருந்தா இன்னும்கூட உள்ள இருந்திருப்பாரு," என்றார் பாவா. சட்டப்பிரிவு சொல்கிற குரல்தான், ஆனால் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது.

பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார்.

"போன வருசம் சாவடியாண்ட ஒரு கார நிறுத்தினோம். பின்னால ஒருத்தன் மயங்கிக் கெடக்கறான். கூட ரெண்டு பேரு. இன்னாடா ஆச்சுன்னா, வெயிலுங்க சார்ன்றான். சார், வெயிலு. திரும்பத் திரும்ப அதே பாட்டு. ஜிஎச்சுக்குத் தூக்கினு போனோம். டாக்டரும் வெயிலுக்குத்தான் பார்த்தாரு. வெயிலு இல்ல மச்சான். வலி மாத்திரை. அத்த ஒரேயடியா போட்டுகினு இருந்திருக்கறான். நாங்க எல்லையில கஞ்சாவ இறுக்கி வச்சோம் இல்ல, அது கெடைக்காம பசங்க மாத்திரைக்குப் போயிட்டானுங்க. கூட இருந்தவனுங்களுக்கு எல்லாம் தெரியும். யூனிபாரத்தப் பார்த்து வாய மூடிகினானுங்க."

"அப்புறம்?"

"இன்னா அப்புறம். மூணு பேரா கார்ல வந்தாங்க. ரெண்டு பேரு உள்ள போனாங்க, ஒருத்தன் மார்ச்சுவரிக்குப் போனான்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்த ரெண்டு பேர அறைஞ்சேன். ஏன்டா சொல்லலன்னு அறைஞ்சேன். இன்னிக்கு டாக்சியில நானும் அதத்தான் சொன்னேன், சொல்லாதன்னு."

லுங் சம் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கச் சொல்கிறார் என்று புரிந்தது. முடிந்தவரை சொன்னேன். அவர் எழுந்துபோய் இயந்திரத்தில் காப்பி பிடித்துக்கொண்டுவந்து முதலில் பாவாவுக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் கவ்யா எழுந்து, பசிக்கிறது கா என்றாள். ரேவதி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். அதுவரை அவள் அழவில்லை.

வீடு திரும்பியதும் ரேவதி நேராக நொக்கின் கடைக்குள் போனாள். மூன்று வருடத்தில் முதல் முறை. அந்த மிட்டாய் என்னுடையது இல்லை, நான் அந்த வகையே விற்பதில்லை என்று நொக் அழுதாள். இருக்கலாம். எங்கே வாங்கியது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. எழுத்தே இல்லாத பை யாருடையது என்று எப்படித் தெரியும்?

கடையை மூடச்சொல்லிச் சண்டை போடப்போகிறாள் என்று பயந்து நான் பின்னாலேயே போனேன். ரேவதி கேட்டது வேறு. "எனக்குப் போலீஸும் வேணாம், இந்த மிட்டாயும் வேணாம். குழந்தையால திறக்க முடியாத டப்பாவுல போட்டு, உள்ள என்ன இருக்குன்னு மேல எழுதி வைக்க உங்க ஊர்ல ஒருத்தருக்கும் தோணலையா?"

அதை மொழிபெயர்க்கும்போது கடையில் கனடாக்காரர் ஒருவர் இருந்தார், என் வாடிக்கையாளர். தங்கள் ஊரில் அப்படித்தான் என்றார். படம் கிடையாது, பளபளப்புக் கிடையாது, அளவு எழுதியே ஆகவேண்டும், மூடியை அழுத்தித் திருப்பினால்தான் திறக்கும். அவருக்கே சில நாள் திறக்காதாம். ஆனாலும் வரி போட்டு விலை ஏறியதில் பாதிப் பேர் தெரிந்த ஆளிடமே வாங்குகிறார்கள் என்றார். அவரோடு இருந்த டச்சுக்காரர், தங்கள் ஊரில் கடைக்காரன் முன்வாசலில் விற்றால் கண்டுகொள்ளமாட்டார்கள், பின்வாசலில் அவன் சரக்கு வாங்குவது மட்டும் பல காலம் குற்றமாகவே இருந்தது என்றார். எல்லா ஊரிலும் எதையோ ஒன்றை மறந்திருக்கிறார்கள். அடுத்த ஊர்க்காரன் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். தாய்லாந்து டப்பாவை மறந்தது.

பாவா இதையெல்லாம் என்னை விட்டுக் கேட்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஊருக்குப் போகிற அன்று லுங் சம்முக்குக் கை கொடுத்தார்.

அடுத்த சில மாதங்களில் அங்கே சட்டம் திரும்பவும் இறுகியது. மருத்துவர் சீட்டு இல்லாமல் மொட்டு விற்கக்கூடாது. எங்கள் தெருவில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நொக் அந்த அறையில் இப்போது துணி துவைக்கும் இயந்திரங்கள் வைத்திருக்கிறாள். லுங் சம் அவளிடமே இருக்கிறார், துணி மடிக்கிறார். மூன்று மணிச் சாம்பார்க் கூட்டம் குறைந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமும் உண்டு, நிம்மதியும் உண்டு. இரண்டையும் சமமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

7

சென்னை விமான நிலையத்திலிருந்து ரயிலேறித் திருத்தணி வந்து இறங்கினேன். பாவா பைக்கோடு நின்றிருந்தார். மலையடிவாரம் முழுக்கக் காவடி. போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருந்ததால் பைபாஸ் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். அங்கேதான் சொன்னார்.

போதை ஒழிப்பு என்று ஆட்டோ ஓட்டுநர்களைக் கூட்டிக் காவல் நிலையத்தில் பேசச் சொன்னார்களாம். இவர் முறை வந்தபோது எழுதிக் கொடுத்ததை மடித்து வைத்துவிட்டுப் பேசியிருக்கிறார். எவனாவது மயங்கிக் கிடந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், கூட இருக்கிறவன் என்ன சாப்பிட்டான் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லட்டும், சொன்னவன் மேல் நான் கேஸ் போடமாட்டேன் என்று.

"இன்ஸ்பெக்டர் மெமோ குடுத்தாரு," என்றார். "எவன் உனக்கு அப்பிடிச் சொல்ல அதிகாரம் குடுத்தான்னு. வெளிநாட்டுப் பயணத்துல கத்துக்கினதுன்னு பதில் எழுதினேன். அனுமதி குடுத்தது மச்சான் வீட்டப் பார்க்க, கத்துக்கினு வர்றதுக்கு இல்லன்னு திருப்பி எழுதிட்டாரு."

"அவ்ளோதானா?"

"பங்குனியில கே.ஜி.கண்டிகை ஆட்டோக்காரன் ஒருத்தன் ஜிஎச்சுக்கு ஒரு பையன தூக்கினு வந்தான். கூட வந்த சிநேகிதக்காரன் வண்டிய விட்டு இறங்கும்போதே மாத்திரை அட்டையக் கையில தூக்கிப் புடிச்சினே இறங்கினான். அன்னிக்கு நான் அங்கதான் டூட்டி. என்னப் பார்த்தான். ஆனா அட்டைய கீழ எறக்கல. டாக்டர் வாங்கிப் பார்த்து உடனே ஒரு ஊசி போட்டாரு. பொழச்சிட்டான்."

டீயை ஆற்றிக் குடித்தார்.

"அப்ப கேஸே போடலியா, பாவா?"

"அட்டையக் காமிச்சவன் மேல போடமாட்டேன்னு சொன்னேன், போடல. முழுங்கினவன் மேல போட்டேன்." கிளாசைக் கீழே வைத்தார். "பொழச்சவன் மேலதான மச்சான் கேஸு போட முடியும்."